புதிய மருந்தாளரின் பணியும் பொறுப்பும்

நோயாளி ஒருவர் வைத்தியசாலைக்குச் சென்று வீடு திரும்புவதற்குள் பலருடைய கைகளைக் கடந்து செல்கிறார். வைத்தியர் அவரைப் பரிசோதிக்கிறார். ஆய்வுகூடத்தார் அவரது இரத்தத்தைச் சோதிக்கின்றனர். தாதியர் அவரது நிறையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்கின்றனர். ஈற்றில் அவர் ஒரு சாளரத்தின் முன்னே வந்து நிற்கிறார். சாளரத்திற்கு அப்பால் வெள்ளை மேலங்கி அணிந்த இளைஞரோ யுவதியோ அவரிடமிருந்து மருந்துச் சிட்டையை வாங்கிப் படித்து, குளிசைகளை எண்ணி, உறையில் இட்டு, வேளையையும் அளவையும் எழுதி நீட்டுகிறார். இதற்கு இரண்டு நிமிடங்கூடச் செல்வதில்லை. ஆயினும், அந்த இரண்டு நிமிடங்கள் கழிந்த பின்னர் மருந்துக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே வேறு எவரும் இல்லை. அதற்கு முன் எவரேனும் செய்த பிழை அங்கே பிடிபட்டால் உண்டு. பிடிபடாவிடின் அது நோயாளியோடு வீடு சென்றுவிடும்.

பல்கலைக்கழகத்திலே தேர்ச்சி பெற்று, இலங்கை மருத்துவ சபையிலே பதிவு பெற்று, முதன்முறையாக அச்சாளரத்தின் அப்பக்கத்தில் நிற்கும் இளம் மருந்தாளர் முதற்கண் உணர வேண்டியது இதுவே. மருந்தை எடுத்துக் கொடுப்பது எவராலும் இயலும் காரியம். கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதற்கே அவர் கற்றார்.

மருந்தாளரின் பணி புதிதாகத் தோன்றியதன்று. வள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தியத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றையும் கூறியபின், நான்காவதாக 'உழைச்செல்வான்' என ஒருவனையும் அவர் சேர்த்தார். அருகிலிருந்து மருந்தைத் தவறின்றி ஆக்கித் தருபவன் என அச்சொல்லுக்கு உரை கண்டோர் பொருள் கொண்டனர். சிறந்த வைத்தியரும் சிறந்த மருந்தும் இருந்தும் இந்த நான்காமவர் இல்லையெனில் வைத்தியம் நிறைவுறாது என்பது இதனால் பெறப்படும்.

மேலைத்தேயத்திலும் இவ்வுண்மை சட்டமாக உருப்பெற்றது. 13ஆம் நூற்றாண்டிலே சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் என்னும் பேரரசர், வைத்தியரின் தொழிலையும் மருந்து செய்வோரின் தொழிலையும் வெவ்வேறாகப் பிரித்தார். வைத்தியர் மருந்து விற்பவரோடு வியாபாரக் கூட்டுச் சேரலாகாது எனவும் விதித்தார். இவ்வாறு பிரித்ததன் பயன் யாது? ஒருவர் எழுதியதை மற்றொருவர் சுதந்திரமான கண்கொண்டு பார்க்க வேண்டும். ஒருவரின் இலாபம் மற்றொருவரின் தீர்ப்பைக் கோணச் செய்யலாகாது. மருந்தாளரின் சுதந்திரம் அவருடைய பெருமைக்காக வழங்கப்பட்டதன்று. நோயாளியின் காவலுக்காக வழங்கப்பட்டது.

முற்காலத்தில் மருந்துச்சாலைகளிலே கல்வமும் தராசும் அளவுக் குவளையும் இருந்தன. வைத்தியர் எழுதிய கலவையைக் கலந்து, போத்தலில் ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாகக் கடதாசி ஒட்டிக் கொடுத்தார்கள். இன்று மருந்துகள் தொழிற்சாலைகளிலிருந்து குளிசைகளாகவும் குப்பிகளாகவும் வந்து சேருகின்றன. கலப்பதற்கு ஏதும் இல்லாதபோது கற்றவர் ஒருவர் எதற்கு என்று கேட்போரும் உளர். கலவை மருந்துகளின் காலத்திலே மருந்துகளின் வலிமை பெரும்பாலும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. இக்காலத்து மருந்துகளோ மில்லிகிராம் அளவிலே உயிரைக் காக்கும் ஆற்றலுடையன. அதே அளவின் பிசகிலே உயிரைப் போக்கும் ஆற்றலும் உடையன. கல்வம் போயிற்று, பொறுப்புப் போகவில்லை, பன்மடங்காகப் பெருகியது.

ஓர் உதாரணத்தைக் காண்போர்க்கு இது தெளிவாகும். மெதொட்ரெக்சேற் என்றொரு மருந்து உண்டு. மூட்டுவாதத்தால் கைவிரல்கள் வீங்கி மடங்கிப் போனவர்களுக்கு இது பெரும் நிவாரணம் அளிப்பது. ஆனால், இந்நோய்க்கு இதனை வாரத்துக்கு ஒரு முறையே உட்கொள்ளல் வேண்டும். ஏனைய குளிசைகளைப் போல இதனையும் நாள்தோறும் உட்கொண்டவர்கள் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மச்சை இரத்தத்தை ஆக்கும் தொழிலை இழந்து, மாண்டுபோன செய்திகள் பல நாடுகளிலே பதிவாகியுள்ளன. பிழை எங்கே நேர்கிறது? சில வேளைகளிலே வைத்தியரின் பேனா 'வாரம்' என்பதற்குப் பதிலாக 'நாள்' என எழுதிவிடுகிறது. சில வேளைகளிலே உறையில் எழுதுபவர் பழக்கத்தினால் 'தினம் ஒன்று' என எழுதிவிடுகிறார். வேறு சில வேளைகளிலே எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தும், வீட்டிலுள்ள முதியவர் ஏனைய குளிசைகளோடு இதனையும் காலைதோறும் விழுங்கிவிடுகிறார்.

இம்மூன்று பிழைகளையும் தடுக்கக்கூடிய இடம் மருந்து வழங்கும் அந்தச் சாளரமே. சிட்டையைக் கண்ட மருந்தாளர், "இது எந்த நோய்க்குத் தந்தார்கள்?" என வினவுகிறார். மூட்டுவாதத்திற்கு என்றதும், வைத்தியரோடு தொடர்புகொண்டு அளவை உறுதி செய்கிறார். பின்னர், வாரத்தில் எந்த நாளில் உட்கொள்வது என்பதை நோயாளியோடு பேசித் தீர்மானித்து, அந்நாளின் பெயரையே உறையில் எழுதுகிறார். "வெள்ளிக்கிழமை மட்டும்" என்னும் இரண்டு சொற்கள் ஓர் உயிரைக் காத்துவிடுகின்றன. காப்பாற்றப்பட்ட அம்மையாருக்குத் தாம் காப்பாற்றப்பட்டதே தெரியாது. மருந்தாளரின் வெற்றிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. நடவாமற்போன தீங்குகளுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை.

கேள்வி கேட்பதற்கு நீண்டகால அனுபவம் வேண்டும், புதியவர்கள் வாய்மூடியிருத்தலே மரியாதை என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதற்கு வரலாறே சான்று. 1937ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், சல்பனிலமைட் என்னும் மருந்தைப் பாணி மருந்தாக்க விரும்பிய ஒரு நிறுவனம் அதனை டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்திலே கரைத்தது. பாணியின் சுவையையும் நிறத்தையும் மணத்தையும் சோதித்தார்கள். அத்திரவம் நஞ்சா என்பதை மட்டும் எவரும் சோதிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் பல குழந்தைகளும், சிறுநீரகம் பழுதடைந்து இறந்தனர். அந்நஞ்சை ஆராய்ந்த சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே அப்போது மாணவியாய்ப் பணிபுரிந்தவர் பிரான்சஸ் கெல்சி என்னும் அம்மையார்.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கெல்சி அம்மையார் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்திலே பதவி ஏற்றார். அடுத்த மாதமே தலிடோமைட் என்னும் தூக்க மருந்தை விற்பதற்கான விண்ணப்பம் அவருடைய மேசைக்கு வந்தது. ஐரோப்பாவிலே ஏலவே பெருமளவில் விற்பனையாகிக்கொண்டிருந்த மருந்து அது. பதவிக்குப் புதியவராகிய அம்மையார் எளிதிலே கையொப்பம் இடுவார் என எதிர்பார்க்கப்பட்டது. அவரோ, காட்டப்பட்ட சான்றுகள் போதா என்றார். மேலும் விபரம் கேட்டார். நிறுவனத்தார் கடிதத்திலும் தொலைபேசியிலும் நேரிலும் நெருக்கினர். அவர் அசைந்தாரில்லை. கருவுற்ற தாய்மார் இதனை உட்கொண்டால் சிசுவுக்கு என்ன நேரும் என்றும் வினவினார். 1961ஆம் ஆண்டின் இறுதியிலே உண்மை வெளிப்பட்டது. தலிடோமைட்டை உட்கொண்ட தாய்மாருக்குக் கையும் காலும் குறைபட்ட குழந்தைகள், உலகெங்கணும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், பிறந்தனர். 1962ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவிலே அவ்விண்ணப்பம் மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்நாடு பேரளவான அனர்த்தத்திலிருந்து தப்பியது.

கெல்சி அம்மையார் மருந்தாளர் அல்லர், மருந்தியல் அறிஞர். எனினும், அவர் செய்தது மருந்தாளர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய செயலே. தமக்குப் போதிய சான்று கிடைக்கும்வரை மருந்தைத் தம் கையைவிட்டுச் செல்ல அவர் அனுமதிக்கவில்லை. பழைய நஞ்சுகளும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1937இல் உயிர்களைக் குடித்த அதே டைஎதிலீன் கிளைக்கோல், 2022ஆம் ஆண்டிலே மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிற் குழந்தைகளின் இருமற் பாணிகளிலே காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே அதுபற்றி உலகுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஆகவே, மருந்து எங்கிருந்து வந்தது, எவ்வாறு பதிவு பெற்றது, காலாவதியாயிற்றா, உறையும் நிறமும் வழக்கம்போல் உள்ளனவா என நோக்குவதும் மருந்தாளரின் கடமையுள் அடங்கும்.

இனி, நோயாளியோடு பேசுதல் என்னும் கடமையை எடுத்துக்கொள்ளலாம். நேயர்கள் தத்தம் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தால், அங்கே காய்ச்சலுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று, உடல் நோவுக்கு ஒன்று என மூன்று பெயர்களில் மூன்று உறைகள் இருப்பதைக் காணக்கூடும். மூன்றினுள்ளும் இருப்பது பரசிற்றமோல் என்னும் ஒரே மருந்தாக இருத்தலும் கூடும். வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க பரசிற்றமோலின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. பெயர்கள் வேறு என்பதனால் மருந்தும் வேறென எண்ணி மூன்றையும் சேர்த்து விழுங்குவோருக்கு ஈரல் பழுதடையக்கூடும். பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே எனச் சொல்லிக் கொடுப்பதற்கு மருந்தாளருக்கு அரை நிமிடம் போதும்.

குழந்தைக்குப் பாணி மருந்து கொடுக்கும் தாய் சமையலறைக் கரண்டியை எடுக்கிறாள். கரண்டிகள் யாவும் ஓரளவினவல்ல. ஒரு தேக்கரண்டி என எழுதப்பட்டிருப்பது 5 மில்லிலீற்றர் என்பதை விளக்கி, போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தைக் காட்டிக் கொடுத்தல் நன்று. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவரின் வீட்டிலே குளிர்சாதனப் பெட்டி உண்டா எனக் கேட்டல் வேண்டும். பெட்டி உண்டெனின், உறைபனித் தட்டில் வைத்தலாகாது எனச் சொல்லல் வேண்டும். உறைந்த இன்சுலின் பயனற்றது. பெட்டி இல்லையெனின், ஈர மணல் இட்ட மட்பாத்திரத்தின் குளிர்ச்சியில் வைத்துப் பேணும் முறையைக் கற்பித்தல் வேண்டும். நுண்ணுயிர்கொல்லி மருந்தைச் சிட்டையின்றிக் கேட்டு வருபவருக்கு, தடிமனை உண்டாக்கும் வைரசுக்கு அம்மருந்து தீங்கு செய்யாது, மருந்துக்கு அடங்காத கிருமிகளே அதனால் வளரும் என்று பொறுமையாக எடுத்துரைத்து, மறுத்து அனுப்புதல் வேண்டும். மறுத்தனுப்பும் மருந்தாளரிலும், முகமலர்ந்து கொடுப்பவர் நல்லவராகத் தோன்றுவார். அத்தோற்றத்திற்கு அஞ்சாதிருத்தலும் இத்தொழிலின் ஒழுக்கம்.

இவை யாவும் நோயாளிக்கு விளங்கும் மொழியிலே சொல்லப்படல் வேண்டும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலியல், சத்திரம், இரசாயனம் ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழிலே வெளிவரச் செய்தார். 1875இல் வெளியான 'கெமிஸ்தம்' அவற்றுள் ஒன்று. கற்பவர் தம் ஊராருக்குத் தம் ஊர் மொழியிலே வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அவ்வழியைப் பின்பற்றி, 'சாப்பாட்டுக்கு முன்', 'வெறு வயிற்றில்', 'இராப் படுக்கைக்குப் போகுமுன்' எனத் தமிழ் நோயாளிக்குத் தமிழிலும் சிங்கள நோயாளிக்குச் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தல் மருந்தாளருக்கு அழகு. எழுதியதோடு நில்லாது, "இதை எப்படிக் குடிப்பீர்கள், ஒருக்காச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்தால் ஐயத்துக்கு இடமிராது.

மருந்தின் விலையும் மருந்தாளரின் மனச்சான்றுக்கு உட்பட்டது. பேராசிரியர் செனக பிபிலே அவர்கள் இத்துறையிலே இலங்கைக்கும் உலகுக்கும் வழிகாட்டினார். நாட்டுக்கு இன்றியமையாத மருந்துகளைத் தெரிந்தெடுத்தல், வணிகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப் பெயரால் அதனை வழங்குதல், உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரி மலிவாகவும் தரமாகவும் கொள்வனவு செய்தல் ஆகியன அவர் வகுத்த நெறியின் தூண்கள். 1971ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அந்நெறியின் விளைவாகும். பேராசிரியர் 1977ஆம் ஆண்டிலே மறைந்தார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கையிலே மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபை ஒன்றும் நிறுவப்பட்டது.

இந்நெறி ஏட்டிலே இருப்பதனால் மட்டும் ஏழைக்குப் பயனில்லை. கூலித் தொழிலாளி ஒருவர் ஒரு மாதத்து மருந்துக்கான சிட்டையை நீட்டி, கைப்பணத்தை எண்ணிப் பார்த்து, "பத்து நாளுக்குத் தாருங்கோ" என்கிறார். அவ்வேளையில் அதே மருந்தின் மலிவான, தரமான வகை அலுமாரியில் இருப்பதை எடுத்துச் சொல்பவர் உண்மை மருந்தாளர். விலை மிக்கதை விற்றால் கடைக்கு இலாபம் மிகும். ஆனால், பாதி மருந்தோடு நின்றுவிடும் நோயாளிக்கு இரத்த அழுத்தமோ நீரிழிவோ நின்றுவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாற்று மருந்து எது, அதனை எவ்வளவு கொடுக்கலாம், எதனை மாற்றவே கூடாது என்று வைத்தியருக்கும் நோயாளிக்கும் எடுத்துக் கூறுவதற்கு மருந்தறிவு எத்துணை இன்றியமையாதது என்பது கண்கூடாயிற்று.

தொழிலுக்குப் புதியவர் எதிர்நோக்கும் சோதனைகள் சில. முதலாவது, சாளரத்தின் முன் நீளும் வரிசை. வெயிலில் நிற்பவர்கள் முணுமுணுக்கையில் கை தானாகவே விரைகிறது. விரைவு வேண்டியதே, எனினும், பெயரை வாசித்தல், அளவைச் சரிபார்த்தல், ஆளை உறுதிசெய்தல் ஆகிய மூன்றையும் எந்த வரிசைக்காகவும் கைவிடலாகாது. இரண்டாவது, மூத்த வைத்தியரிடம் கேட்க எழும் தயக்கம். "ஐயா, இந்த அளவு சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்" எனப் பணிவாகக் கேட்பதனால் வைத்தியருக்கு இழுக்கில்லை. பிழையிருந்தால் நல்ல வைத்தியர் நன்றி கூறுவார். பிழை இல்லையெனின் மருந்தாளர் ஒன்று கற்றுக்கொள்வார். கோபித்துக்கொள்பவர் ஒருவர் வாய்த்தாலும், அக்கோபத்தின் விலை ஓர் உயிரின் விலையிலும் மிகக் குறைவு.

மூன்றாவது சோதனை பணத்தின் உருவிலே வருகிறது. பதிவுச் சான்றிதழை மட்டும் கடைச் சுவரிலே தொங்கவிடத் தந்து, ஆள் வேறிடத்தில் இருந்துகொண்டு மாதந்தோறும் பணம் பெறலாம் எனச் சிலர் ஆசை காட்டக்கூடும். சான்றிதழ் மருந்துச் சிட்டையைப் படிக்கமாட்டாது. நோயாளியிடம் கேள்வி கேட்கவும் மாட்டாது. அதனை வாடகைக்கு விடுபவர், தாம் இல்லாத இடத்திலே தம் பெயரால் நேரும் பிழை அனைத்துக்கும் கைகொடுத்தவராகிறார். நான்காவது சோதனை மிகவும் கடினமானது: தாமே செய்த பிழையை ஒப்புக்கொள்ளல். உறை மாறிப் போயிற்றென்று ஒரு மணி நேரம் கழித்து உணர்ந்தவர், அச்சத்தால் மறைப்பாராயின் பிழை தீங்காக முற்றும். உடனே தேடிச் சென்று மருந்தை மீளப் பெற்று, பொறுப்பானவர்களுக்கும் அறிவிப்பாராயின் பிழை பாடமாக முடியும். ஒளிக்கப்பட்ட பிழையிலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை.

பொதுமக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மருந்தாளர் கேள்வி கேட்கையில், "சீட்டில எல்லாம் எழுதியிருக்கு, தாருங்கோ" எனச் சினத்தல் தகாது. வேறு என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள், முன்னர் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா, கருவுற்றிருக்கிறீர்களா என்னும் வினாக்கள் வீண் விடுப்பல்ல. நாட்டு வைத்தியரிடம் பெற்ற குளிகையையும் சூரணத்தையுங்கூட மறையாது கூறுதல் வேண்டும். குடிக்கும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலே இட்டு எடுத்துச் செல்வது யாவற்றினும் சிறந்தது. கடையிலே, "இங்கு மருந்தாளர் எவர்?" எனக் கேட்டு அறியும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

மாலை வேளையில் வைத்தியசாலைச் சாளரம் மூடப்படுகிறது. அன்று முதன்முறையாகப் பணிக்கு வந்த இளம் மருந்தாளர் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வீடு திரும்புகிறார். அவர் கையால் மருந்து பெற்ற நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீடுகளில் உறைகளைப் பிரித்து, அவர் எழுதிய எழுத்தைப் படித்து, அதன்படியே தண்ணீரோடு விழுங்குகின்றனர். அவர்களுள் எவருக்கும் அவர் பெயர் தெரியாது. ஆயினும், அவர் எழுதியதை எல்லாரும் ஐயமின்றி நம்பினர். அந்த நம்பிக்கைக்கு உரியவராக மறுநாட் காலையிலும் அச்சாளரத்தைத் திறப்பதே அவருடைய கடமை.